கடைசி விலை முதலில்

தோளில் துண்டு போட்டிருக்கும் ஆண்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என் அப்பாவே வேட்டியும் துண்டுமாகத் திரிந்தவர்தான். ஆனால் அந்தத் துண்டை உருவி எதிரில் நிற்பவன் கை மேல் போட்டு, அதற்குள் தன் கையையும் விட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் எங்கோ வேடிக்கை பார்ப்பது போல வைத்துக்கொள்கிறானே ஒருவன், அவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மேச்சேரிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட கோபம் இது. மாற்றல் வாங்கிக்கொண்டு என் சொந்த ஊரான ஆத்தூர்ப் பக்கமே வந்துவிட்டேன். கோபம் மாற்றலாகவில்லை.

காரணம், எனக்கு அங்கே வீடு கொடுத்த அக்கா. அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஆட்டுச் சந்தையில் ஒருத்தருக்கும் அவர் பெயர் தெரியாது. 'ரிக்குக்காரர் ஊட்டம்மா' என்பார்கள். இத்தனை வருடம் அந்தச் சந்தைக்கு ஆடு கொண்டுபோனவருக்கு அதுதான் பெயர் என்றால், நான் இங்கே எழுதி மட்டும் என்ன ஆகப்போகிறது. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர். பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் ஊருக்கு வந்தால் உண்டு. பட்டியில் இருந்த ஆடுகளுக்குச் சோளத்தட்டு போட்டது, தண்ணீர் காட்டியது, குட்டி ஈனும்போது கூடவே உட்கார்ந்திருந்தது, காய்ச்சல் கண்டால் மருந்து புகட்டியது எல்லாம் அக்காதான். விற்கிற அன்றைக்கு மட்டும் அவையெல்லாம் ரிக்குக்காரருடைய ஆடுகள் ஆகிவிடும்.

அக்காவின் வாயில் எப்போதும் ஒரு பேச்சு இருந்தது. அதை முதல் நாளே கேட்டேன். வீடு பார்க்கப் போனபோது வாடகை சொன்னார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று வழக்கம்போல இழுத்தேன்.

"டீச்சர், கடைசி வெலைய மொதல்லயே சொல்லிப்போடறது என்ற பழக்கமுங்க. இதுக்கு மேலயும் இல்லீங்க, கீழயும் இல்லீங்க. புடிச்சிருந்தா இருங்க. புடிக்கலீன்னா காப்பியக் குடிச்சுப்போட்டுப் போங்க."

காப்பி நன்றாக இருந்தது. இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் மேட்டூரில் கம்பெனி வேலை பார்க்கிற ஒருவர் வந்து, என் போர்ஷனுக்கு நான் கொடுப்பதைவிட அதிகமாகத் தருவதாகச் சொன்னார். நான் உள்ளே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவது போலப் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டிவைத்திருந்தேன். அக்கா அவரை வாசற்படி ஏறவே விடவில்லை. "டீச்சருக்குச் சொன்னது டீச்சருக்குத்தானுங்க" என்று அனுப்பிவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்து அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், இப்படி ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று.

ஆனால் இந்தக் குணத்தோடு கடைக்குப் போவது பெரும் அவஸ்தை. ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடை. பாயில் உட்கார்ந்ததும் கடைக்காரரிடம், "ஏனுங்க, நான் வெல பேச மாட்டேன். உங்க கடைசி வெல என்னமோ அத மொதல்லயே சொல்லிப்போடுங்க" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு விலை சொன்னார். அக்காவுக்கு அது அதிகம் என்று பட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நாங்கள் தெருவில் ஆட்டோவுக்கு ஒதுங்கி நின்றபோது கடைக்காரர் வாசலுக்கே ஓடிவந்து, "அம்மா, வாங்கம்மா, பாத்துப் போட்டுத் தாரேன்" என்று கூப்பிட்டார். எனக்கு வாயெல்லாம் பல். அக்கா திரும்பிப் பார்த்து, "அப்ப மொதல்ல சொன்னது பொய்யுங்களா?" என்று கேட்டார். நடுத்தெருவில், அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு சத்தமாக.

அந்த வெயிலில் சந்து சந்தாக நடந்தோம். கடைசியில் விலைச் சீட்டு ஒட்டியிருந்த ஒரு கடையில், முதல் கடைக்காரர் குறைத்துத் தந்திருக்கக்கூடியதைவிட அதிகம் கொடுத்து ஒரு புடவை எடுத்தார். பஸ்ஸில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அக்கா சீட்டு ஒட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். காப்பித் தட்டு நீட்டுகிற வேலை அக்காவுக்கு. பையனின் அம்மா நயமாக, "நாங்க ஒண்ணும் கேக்கலீங்க. உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா தட்டோடு நின்றபடியே, "அப்படித்தானுங்க சொல்லுவாங்க. பொறவு வண்டி வேணும், வளையலு வேணும்னு ஒண்ணொண்ணா வரும். உங்க கடைசி வெலைய மொதல்லயே சொல்லிப்போடுங்க சாமி, முடியுமா முடியாதான்னு இவங்க பாத்துக்கிடுவாங்க" என்றார். ஒருத்தரும் காப்பியைத் தொடவில்லை. சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பெண்ணின் அம்மா வெகுகாலம் அக்காவோடு பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் மறுநாள் ஆடு விரும்பித் தின்னும் வேலாங்காய் ஒரு கூடை பொறுக்கிக்கொண்டு வந்து ஆட்டுப்பட்டியில் கொட்டிவிட்டுப் போனாள்.

இப்பேர்ப்பட்டவர்தான் சந்தைக்குப் போனால் வாயில்லாதவர் ஆகிவிடுவார். ஆக்கிவிடுவார்கள் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லக் கூடாது. விற்கிறவரும் வாங்குகிறவரும், அல்லது அவர்களுக்காகத் தரகர்களும், துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், இரண்டைப் பிடித்தால் இரண்டாயிரம். வாய் என்னவோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் வழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு பெண்ணின் விரலை அந்நிய ஆண் பிடிக்கக் கூடாதே! அது மரியாதை இல்லையாம். ஆகவே ஆட்டை வளர்த்தவள் பெண்ணாக இருந்தால் அவளுக்காக ஓர் ஆணின் கை துண்டுக்குள் போக வேண்டும். அக்காவுக்காகப் போன கை அவருடைய கொழுந்தனாருடையது, அதாவது ரிக்குக்காரரின் தம்பி. அவரே சந்தையில் தரகர். அண்ணியின் ஆட்டுக்கும் தரகு எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஒரு சந்தை நாளில் விடுமுறை வாய்த்ததால் நானும் கூடப் போயிருந்தேன். கொழுந்தனார் துண்டைப் போட்டு ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா தன் கிடாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவர் ஆடு, அவர் கயிறு. துண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராகப் போய்த் தன் கையை நீட்டினார்.

"என்ற கையப் புடிச்சுப் பேசுங்க. நான்தான வளத்தேன்."

அந்த வியாபாரி நெருப்பை மிதித்தவர் போலப் பின்னால் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ரிக்குக்காரர் வரட்டுமுங்க, அவரு கையப் புடிச்சுக்கறோம்" என்றார் ஒருவர். அதற்கு இன்னும் பலமான சிரிப்பு. அக்கா அசரவில்லை. "செரி, கையி வேண்டாம். வாயிலயே சொல்லறேன். இருவதாயிரம். இதான் கடைசி வெல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவ்வளவுதான், அந்த ஆட்டின் பக்கமே யாரும் வரவில்லை. ஊர் கேட்கச் சொன்ன விலை அங்கே விலையே இல்லை. கிடாய் எங்களோடு வீட்டுக்குத் திரும்பியது. அடுத்த சந்தையில் கொழுந்தனார் அதைத் துண்டுக்குள் விற்றுவிட்டு வந்து, பதினைந்தைக் கொடுத்து, "இன்னும் கொறச்சலாத்தான் கேட்டாங்க அண்ணி, நாந்தான் ஏத்தியுட்டேன்" என்றார். நான் அங்கேயே இருந்தேன். அந்த மனிதரின் முகத்தில் ஓர் உறுத்தல் தெரியவேண்டுமே, மருந்துக்கும் இல்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பொங்கலுக்கு ரிக்குக்காரர் வந்தபோது வீடியோவில் பேசுவதற்கென்று அக்காவுக்கு ஒரு செல்போன் வாங்கி வந்தார். பேசியது குறைவு. அக்கா அதில் ஆடு மாடு ஏலம் விடுகிற ஒரு தளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், இதுல வெலைக்கு ரெண்டு கட்டம் இருக்குதுங்க. எதுக்குங்க ரெண்டு?"

படித்துப் பார்த்துச் சொன்னேன். முதல் கட்டத்தில் ஏலம் எந்த விலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று போட வேண்டும். சில நாள் ஏலம் ஓடும், அதிகம் கேட்டவருக்குப் பொருள். இரண்டாவது கட்டத்தில் நாம் விரும்பினால் ஒரு முழு விலை போடலாம். அப்போது பக்கத்தில் 'உடனே வாங்கு' என்று ஒரு பொத்தான் வரும். யாராவது அதை அமுக்கி அந்த விலையைக் கொடுத்தால் ஏலம் அப்போதே முடிந்துவிடும்.

"அப்ப கடைசி வெலைய மொதல்லயே சொல்லிப்போடலாமுங்களா?"

"சொல்லலாம்க்கா."

"எந்த ஆம்பளையும் கையப் புடிக்கத் தேவையில்லீங்களா?"

"தேவையில்லைக்கா."

அக்கா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எங்கேயோ யாரோ இவருக்காகவே யோசித்து அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள் என்பது போல இருந்தது.

அடுத்த நாள் ஒரு இளங்கிடாயைப் படம் எடுத்து அவரே போட்டார். உடனே வாங்கும் விலை பதினெட்டாயிரம். ஆரம்ப விலை ஐந்தாயிரம். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, சந்தையில் முதலில் கேட்கிற விலை சும்மா வாய் திறப்பதற்குத்தானே, அதை யாராவது கணக்கில் எடுப்பார்களா என்றார். அவர் பார்த்த சந்தையில் அப்படித்தான். மதியத்துக்குள் யாரோ ஐந்தாயிரத்துக்குக் கேட்டுவிட்டார்கள். அதே நொடியில் 'உடனே வாங்கு' பொத்தானைக் காணோம்.

நான் விதிகளைத் தோண்டிப் படித்தேன். முதல் ஏலக் கேள்வி வந்துவிட்டால் முழு விலைப் பொத்தான் மறைந்துவிடுமாம். அப்புறம் ஏலம் மட்டும்தானாம். எந்தப் புத்திசாலி எழுதிய விதியோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! அதன் பிறகு நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் நூறு நூறாக ஏற்றினார்கள், வலிக்காமல், சொல்லிவைத்தாற்போல. ஒன்பதாயிரத்தில் ஏலம் முடிந்தது. கிடாயை ஓட்டிப்போக வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சந்தையில் கொழுந்தனாரோடு ஒட்டிக்கொண்டு திரிகிற தரகர். கொழுந்தனார் வீட்டுக்குள் வரவில்லை. தார் ரோட்டில் பைக்கை நிறுத்தி, வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணியின் பொத்தானைக் காணாமல் போகச் செய்தவருக்கு அண்ணி முகத்தைப் பார்க்க மட்டும் கூச்சம்.

"கொடுக்காதீங்கக்கா. கூட்டுக் களவாணிங்க. கொடுக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்று கத்தினேன்.

"ஏலத்துல வுட்டது நானு. எடுத்துட்டாங்க. அஞ்சாயிரம்னு போட்டது என்ற வெரலுதானுங்களே டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

அன்றைக்குக் கொழுந்தனார் மேல் வந்ததைவிட எனக்கு அக்கா மேல்தான் அதிகக் கோபம் வந்தது. ஏமாற்றியவனிடம் என்ன வார்த்தை சுத்தம் வேண்டிக்கிடக்கிறது? சாப்பாடு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். அக்கா ஜன்னல் வழியாகக் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

சேதி வடக்கே போக எவ்வளவு நேரம் ஆகும். மறுநாளே ரிக்குக்காரர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்ட போன் பட்டியின் மூங்கில் படலில் செருகியிருந்தது, அவர் பேசியது முழுக்க எனக்குக் கேட்டது.

"சந்தைக்குப் போனா பதனஞ்சாச்சும் வந்துருக்கும். தம்பி சொல்லறது செரிதான். பட்டியத் தம்பிகிட்ட வாரத்துக்கு வுட்டரலாம். குட்டியில பாதி நமக்குத் தந்துருவான். நீ எதுக்குக் கெடந்து சிரமப்படற?"

சிரமமாம்! இருட்டோடு எழுந்து சோளத்தட்டு வெட்டியபோது வராத சிரமம் இப்போது வந்துவிட்டது. அக்கா, "பெரிய கெடா ஒண்ணு இருக்குதுங்க. அத நான் விக்கறேன். நான் நெனச்ச வெலைக்கு விக்கலீன்னா பட்டிய உங்க தம்பி ஓட்டிக்கிட்டுப் போகட்டும். வித்துட்டா இந்தப் பேச்சு திரும்ப வரக்கூடாதுங்க" என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டார். தோற்பவளிடம் சரி என்று சொல்வதற்கு என்ன.

பெரிய கிடாய் அந்தப் பட்டியின் ராஜா. வெளிர் பழுப்பு நிறம், கொம்பில்லாத அகன்ற தலை, கண்ணாடி போட்டது போலப் பளபளக்கும் தோல். அதன் குட்டிகள் அத்தனையும் வாட்டசாட்டமாக இருந்தன. என்னைக் கண்டால் தலையைத் தாழ்த்தி முட்ட வரும், அக்கா கையை நீட்டினால் அதே தலையை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும். பட்டி போனால் அக்காவுக்கு அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குச்சிக்கிழங்கு நறுக்கிக்கொண்டே ஏல விதிகளை மறுபடியும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொன்னார். பொத்தான் மறையும் விதி வந்ததும் கத்தி நின்றது.

"மொத ஆளு கேட்டா பட்டன் போயிருது. செரி. மொத ஆளு எவ்வளவுக்குக் கேப்பான்?"

"ஆரம்ப விலைக்குக்கா."

"ஆரம்ப வெலைய ஆரு வெக்கறது?"

"நீங்கதான்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். அன்றைக்கே ஏற்றினோம். உடனே வாங்கும் விலை முப்பதாயிரம். ஆரம்ப விலை இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

"இப்பப் பட்டன ஒடைக்கறதுன்னாலும் என்ற வெலைக்குத்தான் வந்து ஒடைக்கோணும்" என்றார் அக்கா.

ஒருத்தரும் உடைக்க வரவில்லை. வாங்கவும் வரவில்லை. ஏலம் ஓடிக்கொண்டே இருந்தது, கேள்வி ஒன்றுகூட இல்லை. கொழுந்தனார் மோர் குடிக்கிற சாக்கில் வந்து, "சந்தையில இருவத்தி ரெண்டத் தாண்டாதுங்க அண்ணி. இப்படி மலையேத்தி வெச்சா எவன் ஏறுவான்? நாளைக்கி எங்கூட்டுப் பட்டியில படலு கட்டோணும், ஆளு சொல்லியுடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். படலுக்கு ஆள்! இன்னும் ஆடே கைக்கு வரவில்லை, அதற்குள் வேலி கட்டுகிறார். எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்தாயிரமாவது ஆக்குங்கள் அக்கா, பட்டியாவது மிஞ்சும் என்று கெஞ்சினேன். அன்றைக்கு முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை.

கடைசி நாள் மதியம், தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிற ஒருவர் பொத்தானை அமுக்கிவிட்டார். முன்பணமும் வந்துவிட்டது. மீதியைக் கையில் தந்து இரண்டு நாளில் ஓட்டிக்கொள்வதாகச் செய்தி. அக்கா தண்ணீர்க் குழாயை மூட மறந்துபோய் நின்றார். நான் போய் மூடினேன்.

அடுத்த நாளே வேறொருவர் பேசினார். படத்தைத் தாமதமாகப் பார்த்தாராம், மூன்றாயிரம் கூடவே தருகிறேன், அந்த வியாபாரத்தை ரத்து செய்யுங்கள் என்றார். நான் கண்ணாலேயே அக்காவிடம் 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்று மன்றாடினேன்.

"பட்டன அமுக்கிட்டாருங்களே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

எருமப்பட்டிக்காரர் ஒரு மினி வேனில் வந்தார். பார்க்க நல்ல மனிதர். கிடாயைச் சுற்றிச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். "படத்துல இருக்கறதவிட நேர்ல நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க ஆரும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

இருந்தார்களே! மூக்கில் வியர்த்தாற்போல அன்றைக்கும் கொழுந்தனார் வந்திருந்தார். "நான் தம்பிதானுங்க. வாங்க" என்று முன்னால் வந்தார். தோளில் இருந்த துண்டு வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. எருமப்பட்டிக்காரரின் கையும் தானாக நீண்டது. துண்டு விழுந்தது, இரண்டு கைகளும் உள்ளே போய்விட்டன. அவர் ரோட்டைப் பார்த்தார், இவர் வானத்தைப் பார்த்தார். "உங்க பக்கம் மழைங்களா?" என்றார் கொழுந்தனார்.

விலை போட்டாயிற்று, பொத்தானை அமுக்கியாயிற்று, முன்பணம் வந்தாயிற்று. இவருக்காக, மூன்றாயிரம் கூடத் தருகிறேன் என்றவரை அக்கா வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார். அப்படியிருந்தும், அக்கா நின்றுகொண்டிருக்கும்போதே, அவர் ஆட்டின் விலையை அவருக்குத் தெரியாமல் இரண்டு ஆண்கள் துண்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஏதோ கத்த வாயெடுத்தேன்.

அக்கா அதற்குள் போய்விட்டார். துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு.

மத்தியான வெயிலில் இரண்டு கைகளும் அப்படியே மாட்டிக்கொண்டன. கொழுந்தனாரின் கை வந்தவரின் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. விடவும் தோன்றாமல் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"நாலாயிரம் கொறைக்கறீங்களா?" என்று அக்கா கொழுந்தனாரைக் கேட்டார். "ஆரோட ஆட்டுக்கு?"

கொழுந்தனார் கையை உதறிக்கொண்டு, "அண்ணி, வந்தவங்களுக்கு ஒரு மரியாதைக்கி..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. எருமப்பட்டிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, கடைசி வெலைய மொதல்லயே சொல்லிப்போட்டேன். நீங்களும் செரின்னுதான அமுக்குனீங்க? இனி என்னத்தப் பேசறீங்க?"

அந்த மனிதர் முகம் சிவந்துபோனார். "பழக்கத்துல நீட்டிப்போட்டனுங்க. தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி மீதிப் பணத்தை எடுத்தார். எடுத்ததை வழக்கம்போலக் கொழுந்தனாரிடம் நீட்டப் போய், பாதியில் நிறுத்தி, அக்காவிடம் கொடுத்தார். அக்கா பணத்தை என் கையில் திணித்துவிட்டு, அந்தத் துண்டால் கிடாயின் கண் ஓரத்தையும் மூக்கையும் நன்றாகத் துடைத்தார். அது தலையை அவர் உள்ளங்கையில் வைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். ஈரத் துண்டைக் கொழுந்தனாரின் பைக் சீட்டில் விரித்துப் போட்டார். வேன் ரோட்டில் ஏறி மறையும்வரை பட்டியின் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தெரியவில்லை.

சாயங்காலம் வடக்கேயிருந்து போன் வந்தது. அக்கா அதைப் படலில் செருகிவைத்துவிட்டு ஆடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே பேசினார்.

"கெடா போயிருச்சாமா?"

"போயிருச்சுங்க. முப்பது."

மறுமுனையில் ரிக் ஓடுகிற இரைச்சல் கேட்டது. அந்த மனிதர் கேட்டார், அவ்வளவு நடந்த பிறகும் கேட்டார்:

"ஆரு வெல பேசுனாங்க?"

அக்கா சோளத்தட்டைக் கீழே போட்டார். போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"ஆரும் பேசலீங்க. நான் சொன்னேன்."